தூண்டில் முள்ளில் உயிர் விலாங்கு: நியூ இங்கிலாந்துக் கரையோர மீன்பிடி வரலாற்றில் இரையும் உழைப்பும்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இரு தரப்பாரோடும் உறவாடி இருவரையும் ஏய்ப்பவனைச் சுட்ட அது இன்றும் பயன்படுகின்றது. சங்கச் செய்யுட்களிலோ மலங்கு என்னும் பெயரோடு வயற்சேற்றிற் பிறழும் அவ்வுயிர் மருத நிலத்து வளத்தின் அடையாளமாக வருகின்றது. பழமொழியிலும் செய்யுளிலும் விலாங்கு காணப்படும் பொருளாக நிற்கின்றதேயன்றி, மனிதன் சேற்றில் இறங்கித் தேடிப் பிடிக்கும் பொருளாகவோ, பிடித்தபின் வேறொன்றைப் பிடிப்பதற்குப் பயன்படுத்தும் கருவியாகவோ நிற்பதில்லை. விலாங்கு அவ்விரண்டுமாக அமைந்த ஒரு வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. களம் நமக்குத் தொலைவிலுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியின் கரையோரத்திலும், அதனை அடுத்துள்ள லோங் ஐலண்ட் தீவிலும், உயிருள்ள விலாங்கை முள்ளிற் கொளுவி ‘ஸ்ரைப்ட் பாஸ்’ என்னும் பெருமீனைப் பிடிக்கும் முறை வழங்கி வருகின்றது. அம்மீனுக்குத் தமிழிற் பெயரில்லை. வெள்ளி உடலில் நீளவாக்கிற் கருங்கோடுகள் ஓடும் அதன் தோற்றம் நமது கொடுவாவை ஓரளவு நினைவூட்டுவதால், வேறு இனத்ததாயினும், வரிக்கொடுவா என்றே இங்கு அதனைக் குறிப்பேன்.

தொலைவிலுள்ள ஒரு மீன்பிடியைத் தமிழ் வாசகர் ஏன் அறிதல் வேண்டும் என்ற வினா எழலாம். மீன்பிடி பற்றிப் பேசுகையில் நாம் வலையையும் வள்ளத்தையும் அவற்றுக்குரிய சம்மாட்டியையும் பற்றிப் பேசுகிறோம். இரையைப் பற்றிப் பேசுவதில்லை. இரை சிறிய பொருள். ஒருமுறை நீரில் விழுந்ததும் மறைந்து போவது. இரையைத் தேடிக் கொடுப்பவர் யார், அவருக்குக் கிடைப்பது யாது என்ற வினாக்களும் அதனோடு மறைந்துவிடுகின்றன. நியூ இங்கிலாந்தின் மீன்பிடி பற்றி நான்கு நூற்றாண்டுகளாக எழுத்துச் சான்றுகள் கிடைப்பதனால், மறைந்து போவதை அங்கே ஓரளவு பின்தொடர முடிகின்றது.

முதலில் முறையை விளங்கிக்கொள்வது பொருத்தமாகும். விலாங்கை வெறுங்கையாற் பற்ற முடியாது. உடல் முழுவதும் சளி படர்ந்து வழுக்கும். பழந்துணியாற் பொத்திப் பிடித்தே அதனைக் கையாள்வர். பனிக்கட்டியின்மேல் ஈரச்சாக்கிற் சுற்றி வைத்தால் அது குளிரில் மந்தமடையும். தோலின் வழியாகவும் மூச்செடுக்க வல்லதாதலால், நீரின்றி ஈரத்தில் மாத்திரம் பல மணிநேரம் உயிரோடிருக்கும். முள்ளைக் கீழ்த்தாடையினூடாக மேனோக்கிச் செலுத்தி வெளியே எடுப்பர். வாய் மூடியபடி இழுபடுவதால் அது நெடுநேரம் சாவதில்லை. நீரில் இறங்கியதும் அதற்கு உணர்வு மீளுகின்றது. அடித்தளம் நோக்கிச் சென்று கற்களிடையே புகுந்துகொள்ள முயலும். இடம் கொடுத்தால் தங்கூசியைத் தன் உடலிற் சுற்றி அவிழ்க்க முடியாத முடிச்சாக்கிவிடும். ஆதலால் தூண்டிற்காரன் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். விலாங்கு இரவில் உலாவும் உயிர். வரிக்கொடுவாவும் இரவிலேயே கரையோரப் பாறைகளை அணுகி வேட்டையாடும். எனவே இது பெரிதும் இரவுத் தொழிலாகும். மீன் கௌவியதும் உடனே சுண்டாமல், கோலின் நுனியைத் தாழ்த்திச் சிறிது நேரம் விட்டுப் பின் இழுப்பதே நெடுங்காலம் வழங்கிய முறை. 2021 தொடக்கம் இரையிட்டு இம்மீனைப் பிடிப்போர் வளைந்த நுனியுடைய வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டுமென அத்திலாந்திக் கரையோர மாநிலங்கள் விதித்திருப்பதால் அப்பழக்கம் மாறியுள்ளது.

இங்கு ஒரு கோட்பாட்டுக் குறிப்பு அவசியமாகின்றது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் உழைப்பு நிகழ்முறையை விளக்கும் மாக்ஸ், நீரிலிருந்து பிடிக்கப்படும் மீனை இயற்கை தானே அளிக்கும் உழைப்புப் பொருளுக்கு உதாரணமாகக் காட்டுகிறார். முன்னரே உழைப்பால் வடிகட்டப்பட்டதை மூலப்பொருள் என அவர் வேறு பிரிக்கிறார். பிடிபடாத மீனையும் உற்பத்திச் சாதனமாகக் கொள்ளவேண்டியிருப்பதன் விந்தையை ஓர் அடிக்குறிப்பிற் சுட்டி, மீனில்லாத நீரில் மீன்பிடிக்க இயலாமையை நகையோடு நினைவூட்டுகிறார். ஆற்றுச் சேற்றிற் கிடக்கும் விலாங்கு முதல் வகையைச் சேர்ந்தது. முள்ளிற் கொளுவப்பட்ட விலாங்கோ ஒருவருடைய உழைப்பைத் தன்னுட் கொண்டு வந்தது. அது கருவியுமாகும், ஆனால் மரத்தாலோ இரும்பாலோ ஆன கருவியன்று. தப்பியோட முயலும் அதன் துடிப்பே மீனை ஈர்ப்பதால், அதன் அச்சமே அங்கே தொழிற்படுகின்றது. விலாங்கு இறந்துவிட்டால் இம்முறையில் அதன் பெறுமதி பெரிதும் குறைந்துவிடும். ஆதலாற் பிடிப்பவனும் விற்பவனும் வாங்குபவனும் அதன் உயிரைக் காப்பதிற் காட்டும் கவனம் அசாதாரணமானது. இரக்கத்தினால் எழுந்ததன்று அக்கவனம்.

தூண்டில் பற்றிய ஆங்கில இலக்கியம் இவ்வுழைப்பை எவ்வாறு கண்டது என்பது சுவையான வினா. ஐசாக் வோல்ற்றனின் ‘முழுமையான தூண்டிற்காரன்’ 1653இல் வெளியாயிற்று. மன்னன் தலை துண்டிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டின் முடிவில் குரொம்வெல் நாட்டின் காவலர் என்னும் பதவியை ஏற்றார். வோல்ற்றன் மன்னர் தரப்பினர். தோல்வியுற்ற தரப்பினர் ஒருவர் ஆற்றங்கரையில் அமைதி தேடுவதை வரலாற்றிலிருந்து விலகுதலாகவே நான் கருதுகிறேன். அந்நூலிற் கனவான்கள் உரையாடுகிறார்கள், உண்கிறார்கள், பாடுகிறார்கள். வேலை செய்வோர் பால்காரியாகவும் விடுதிக்காரியாகவும் இனிய பின்னணியாகின்றனர். ஆயினும் இரை பற்றிக் கூறும் இடங்களில் நடை மாறிவிடுகின்றது. புழுவை எங்கே தோண்டுவது, பைக் மீனுக்குத் தவளையை எவ்வாறு உயிரோடு கொளுவுவது என்றெல்லாம் எழுதும்போது ஆசிரியர் தம்மையறியாமலே ஒரு தொழிலாளியின் மொழியைப் பேசுகிறார். விலாங்குக்கும் அந்நூலில் இடமுண்டு. அது பனித்துளியிலிருந்து பிறக்கின்றது என்பது போன்ற அக்கால நம்பிக்கைகளை அவர் மதிப்போடு எடுத்துரைக்கிறார். தூண்டில் இலக்கியம் எங்கும் இரை பற்றிய பகுதியிலேயே உழைப்பு எட்டிப்பார்க்கின்றது என்பது என் வாசிப்பு. கருத்துநிலை மூடிவைத்ததைத் தொழில்நுட்பக் குறிப்பு அவிழ்த்துவிடுகின்றது.

அமெரிக்கக் கரையிற் சான்றுகள் இன்னும் வெளிப்படையானவை. 1620இன் இறுதியில் பிளைமௌத்தில் இறங்கிய ஆங்கிலக் குடியேறிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அம்முதற் பனிக்காலத்தில் இறந்தனர். 1621 மார்ச் மாதத்தில் ரிஸ்குவாந்தம் என்னும் பழங்குடியினர் ஒரு நண்பகலிற் புறப்பட்டுச் சென்று, சேற்றைக் காலால் மிதித்து விலாங்குகளை வெளியே வரச் செய்து, வேறு கருவி எதுவுமின்றிக் கையாலேயே பிடித்து, ஒரு கையால் தூக்கக்கூடிய அளவு கொண்டுவந்தார் என்று 1622இல் இலண்டனில் அச்சான குடியேறிகளின் குறிப்பு கூறுகின்றது. விலாங்குகள் கொழுத்தும் சுவையாகவும் இருந்தனவாம். அவற்றைக் கொண்டுவந்தவர் யார் என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். 1614இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனால் வஞ்சகமாகக் கவரப்பட்டு ஸ்பெயினில் அடிமையாக விற்கக் கொண்டுசெல்லப்பட்டவர் ரிஸ்குவாந்தம். இங்கிலாந்து வழியாக 1619இல் மீண்டபோது, அவருடைய ஊராகிய பற்றுக்செற் கொள்ளைநோயால் ஆளற்றுக் கிடந்தது. அவ்வூர் நிலத்திலேயே குடியேறிகள் பிளைமௌத்தை அமைத்தனர். தன் ஊரின் சேற்றை மிதித்துத் தன் ஊரை எடுத்துக்கொண்டவர்களுக்கு அவர் விலாங்கு கொடுத்தார். 1622இல் அவரும் நோயுற்று இறந்தார்.

அடுத்த சான்று இரைக்கு நேரடியாக உரியது. வில்லியம் வூட் என்னும் ஆங்கிலேயர் 1634இல் வெளியிட்ட ‘நியூ இங்கிலாந்தின் தோற்றம்’ என்னும் நூலில், வரிக்கொடுவாவைத் தடித்த கயிற்றிற் சிங்க இறால் துண்டைக் கட்டிப் பிடிப்பதை வருணிக்கிறார். பழங்குடிப் பெண்களைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் தரும் செய்தி இன்னும் முக்கியமானது. கணவர் பாஸ் அல்லது கொட் மீன் பிடிக்கச் செல்கையில் அவர்தம் முள்ளுக்கு இரையாகும் சிங்க இறாலைத் தேடிக் கொடுப்பது பெண்களின் அன்றாடக் கடமை. குளிரோ வெயிலோ, கடல் கொந்தளித்தாலோ அடங்கியிருந்தாலோ, அவர்கள் செல்லவே வேண்டும்; சில வேளைகளில் தலை மூழ்க நீரினுட் பாய்ந்து தேட வேண்டும்; இறால் கையைக் கவ்விவிட்டுத் தப்பிவிடுவதும் உண்டு. வூட் இதனை நகைச்சுவை கலந்தே எழுதுகிறார். ஆனால் மீன்பிடியின் உழைப்புப் பிரிவினையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பழைய குறிப்பு வேறொன்றை அக்கரையோர எழுத்துக்களில் நான் கண்டதில்லை. மீன் ஆணின் பெயரில் வருகின்றது. இரை பெண்ணின் கையிலிருந்து வருகின்றது. நமது கடற்கரைகளிற் கணவாயையும் இறாலையும் இரைக்காக நறுக்கிக் கொடுக்கும் கைகள் யாருடையவை என்பதை அறிந்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குடியேற்றம் நிலைபெற்றதும் மீன் சட்டத்தின் விடயமாயிற்று. வரிக்கொடுவாவையும் கொட் மீனையும் வயலுக்கு எருவாக இடலாகாது என மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்தின் மன்று 1639இல் ஆணையிட்டது. மிகுதியாகக் கிடைத்த காலத்திலேயே இவ்வாணை பிறந்தது. விற்பனைப் பண்டமாகத்தக்க மீன் மண்ணுக்குள் போகலாகாது என்பதே அதன் உட்கிடை. 1670இல் பிளைமௌத் குடியேற்றம் கேப் கொட் கரையின் மீன்பிடி வருவாயை இலவசப் பாடசாலை ஒன்றுக்கு ஒதுக்கியது. அமெரிக்கப் பொதுக்கல்வியின் தொடக்ககால நிதி மூலங்களுள் ஒன்று இம்மீன் என்பது பல்கலைக்கழகத்தவராகிய நாம் ஒருமுறை நின்று நோக்க வேண்டிய செய்தி.

இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்திலும் அதனை அடுத்தும் நியூ யோர்க் முதலிய நகரங்களின் வணிகரும் முதலீட்டாளரும் கரையோரத் தீவுகளில் மீன்பிடிக் கழகங்களை நிறுவினர். 1864இல் தோன்றிய கற்றிஹங் தீவுக் கழகம் அவற்றுட் பெயர்பெற்றது. கரைப் பாறைகளிலிருந்து கடலை நோக்கி இரும்புக் கால்களின்மேற் பலகைப் பாலங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பாலத்தின் நுனியிலும் ஒரு மேடை. எம்மேடை எவ்வுறுப்பினருக்கு என்பது சீட்டிழுத்து முடிவு செய்யப்பட்டது. உறுப்பினர் மேடையில் நிற்க, அவருக்கென அமர்த்தப்பட்ட உள்ளூரவன் ஒருவன் இரை ஆயத்தம் செய்வான். சாளையை ஒத்த மென்ஹேடன் மீனையும் சிங்க இறாலையும் அரிந்து நீரிற் தூவி மீனை வரவழைப்பதும், சிங்க இறாலின் வாற்றசையை முள்ளிற் கொளுவிக் கொடுப்பதும், பிடிபட்ட மீனைக் கொளுக்கியால் ஏற்றுவதும் அவன் பணி. கனவான் வீசுவார்; இழுப்பார்; எடையைக் கழகப் புத்தகத்திற் பதிவார். வூட்டின் நூலிற் பழங்குடிப் பெண் செய்த வேலை இப்போது கூலிவேலையாகிவிட்டது. நிலமானிய காலத்து வேட்டைக்காரப் பிரபுவையும் அவருக்குப் பறவை கலைத்துக் கொடுக்கும் குடியானவனையும் முதலாளித்துவம் கடற்பாறையின்மேல் மீண்டும் நிறுத்தியது எனலாம்.

அக்கழகத்தின் சொத்துக்கள் பின்னர் வில்லியம் மடிசன் வூட் என்னும் நெசவாலை அதிபரின் கைக்குச் சென்றன. (1634இன் நூலாசிரியரோடுள்ள பெயரொற்றுமை தற்செயலானது.) அமெரிக்கக் கம்பளிக் கம்பனியின் தலைவராகிய இவருடைய ஆலைகளே 1912இன் லோரன்ஸ் வேலைநிறுத்தத்தின் மையக்களம். வார வேலைநேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைத்த மாநிலச் சட்டத்தைச் சாக்காக்கிக் கூலியும் வெட்டப்பட்டபோது, பல மொழி பேசும் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர், அவருட் பெரும்பகுதி பெண்கள், பனிக்காலத் தெருவில் இறங்கினர். மார்ச் மாதத்தில் கூலி உயர்வோடு மீண்டனர். இவ்வூட் அசோர்ஸ் தீவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் என்பது வரலாற்றின் கசப்பான நகை. அக்காலத்திற்குள் கற்றிஹங் பாறைகளில் மீனும் அருகிவிட்டிருந்தது. கழகங்கள் ஒவ்வொன்றாக மூடின. இரும்புக் கால்களும் பலகைகளும் புயலிற் போயின.

விலாங்கு இக்கதையின் முன்னரங்குக்கு வருவது ஏறத்தாழ இக்கட்டத்திலேயே. 1913 ஆகஸ்ட் மாதம் கற்றிஹங்குக்கு அயலிலுள்ள நீரிணை ஒன்றிற் சார்ள்ஸ் சேர்ச் என்பவர் விலாங்கை இரையாக்கி 73 இறாத்தல் மீனைப் பிடித்தார். அந்த எடை அரை நூற்றாண்டுக்கு மேல் மிஞ்சப்படவில்லை. அக்காலத்தில் இறந்த விலாங்கினுள்ளே முள்களைக் கோத்துத் தைத்துப் பயன்படுத்துவதே பெருவழக்கு. தோலை மட்டும் உரித்து ஈயத்தின்மேற் போர்த்துவதும் உண்டு. உயிர் விலாங்கு பரவலான ஆட்சி பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. தங்கூசி மலிந்தது; எறிவதற்கு எளிதான சுழலிகள் வந்தன; பழைய ஊர்திகளின் சக்கரக் காற்றைக் குறைத்துக் கடற்கரை மணலில் ஓட்டக் கற்றுக்கொண்டனர். கழகக் கனவான்கள் நின்ற பாறைகளில் இப்போது ஆலைத் தொழிலாளரும் தச்சரும் ஆசிரியரும் இரவில் நின்றனர். பிடித்ததைச் சந்தையில் விற்றுப் பெற்றோல் செலவையும் வீட்டுச் செலவின் ஒரு பகுதியையும் ஈடு செய்தோர் அவருட் பலர். பொழுதுபோக்கு, தொழில் என்ற பகுப்பு இவர்களிடையே பொருந்துவதில்லை. அவ்விரண்டையும் ஒரே இரவில் ஒரே கோலாற் செய்தவர்கள் அவர்கள்.

1981இல் லோங் ஐலண்டின் கிழக்கு முனையாகிய மொன்ரோக்கில் 76 இறாத்தல் மீன் பிடிபட்டது; 2011இல் கனெற்றிகற் மாநிலக் கரைக்கப்பால் 81 இறாத்தல் 14 அவுன்ஸ் மீன் பிடிபட்டது. இரண்டும் உயிர் விலாங்குக்கே அகப்பட்டன. பிடித்தவர் பெயர், இடம், எடை, தங்கூசியின் வலு ஆகியன யாவும் சாதனைப் பதிவுகளில் உள. அவ்விலாங்கைப் பொறிவைத்துப் பிடித்தவர் எப்பதிவிலும் இல்லை. விலாங்குப் பொறி நமது பறியை ஒத்த கூடு. சேற்று முகத்துவாரங்களில் இறக்கி மறுநாள் தூக்குவர். அதற்குள்ளும் இரை வேண்டும். தெலவெயார் விரிகுடாப் பகுதியில் அதற்குக் குதிரைலாட நண்டு, குறிப்பாக முட்டை தாங்கிய பெண் நண்டு, பெரிதும் வேண்டப்பட்டது. அந்நண்டின் முட்டையை நம்பி வடதுருவம் நோக்கிப் பறக்கும் செங்கழுத்து உள்ளான்கள் அருகிய நிலையில், நியூ ஜேர்சி மாநிலம் 2008இல் நண்டு பிடித்தலையே நிறுத்தியது. இரைக்கு இரை, அதற்கும் கீழே ஒரு பறவை. சந்தையில் ஒரு வாளி விலாங்குக்குக் கொடுக்கப்படும் விலையில் இத்தொடர் எங்கும் தெரிவதில்லை.

வரிக்கொடுவாவுக்கு நேர்ந்தது யாது? அத்திலாந்திக் கரையில் வணிகப் பிடிப்பு 1973இல் ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தலாக இருந்தது. 1983இல் 35 இலட்சமாக வீழ்ந்தது. 1984இல் அமெரிக்கக் காங்கிரசு தனிச்சட்டம் இயற்றிற்று. 1985 தொடக்கம் 1990 வரை மேரிலாந்து அம்மீனைப் பிடிப்பதை முற்றாக நிறுத்தியது. இங்கேயே வர்க்கப் போராட்டம் மணலின்மேல் வெளிப்பட்டது. லோங் ஐலண்டின் ஈஸ்ற் ஹம்ரனில் கரைவலை இழுக்கும் மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்தனர். நமது கரைவலையை அறிந்தோர் அவர்களது முறையை உடனே இனங்கண்டுகொள்வர்: அலையைப் பிளந்து வள்ளம் வலையை வளைத்துவர, இரு தலைகளையும் கரையிலிருந்து இழுப்பர். நகரத்துச் செல்வரின் கோடைக்கால மாளிகைகள் அக்கடற்கரையை நெருக்கிய காலத்தில், தூண்டிற் கழகங்கள் கரைவலையை மீனின் எதிரியெனக் காட்டிச் சட்டமன்றத்தில் வாதாடின. தூண்டிற்காரர் தொகையில் மிகுந்தோர். வாக்கும் பணமும் அவர்பால் இருந்தன. 1983இல் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் 24 அங்குலமாக உயர்த்தப்பட்டது. 1986இல் மீனின் உடலிற் பி.சி.பி. நச்சு இருப்பது காரணமாக விற்பனையே தடைப்பட்டது. 1990இல் மீன்பிடி மீளத் திறக்கப்பட்டபோது கரைவலைக்கு இடமளிக்கப்படவில்லை. 1992இல் அமகன்செற் கடற்கரையிற் சட்டத்தை மீறி வலை இழுத்தோருடன் பாடகர் பிலி ஜோயலும் கைதானார். அந்நச்சு எங்கிருந்து வந்தது? 1947 தொடக்கம் 1977 வரை ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்தின் இரு ஆலைகள் ஹட்சன் ஆற்றில் விட்டது அது. ஆலை விட்ட நச்சுக்கு வலைக்காரன் தொழிலை இழந்தான்.

பீற்றர் மத்தீசன் 1986இல் வெளியிட்ட ‘மனிதரின் உயிர்கள்’ இம்மக்களின் நூல். ஆசிரியர் 1950களில் அவர்களோடு வலை இழுத்தவர். அவர்களது பேச்சையும் நகையையும் கடனையும் அவர் பதிந்த முறை அமெரிக்க விவரண இலக்கியத்தில் உயர்ந்தது எனக் கருதுகிறேன். ஆயினும் வசதி படைத்த குடும்பத்தில் தோன்றிய எழுத்தாளருக்குரிய ஏக்கம் அதில் இழையோடுகின்றது. அழியும் உலகின் அழகில் அவர் சில வேளை மயங்கிவிடுகிறார்.

இவ்விடத்திற் கட்டுரையாளன் தன்னையும் தன் முகாமையும் சோதித்துக்கொள்ளுதல் நேர்மையாகும். மீன் குறைந்துவிட்டது என்ற கூற்றை ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை என்று தள்ளிவிடுவது நமக்கு எளிது. அது பிழையாகும். மீன் உண்மையிலேயே குறைந்திருந்தது. ஐந்தாண்டுத் தடை உண்மையிலேயே அதனை மீட்டது. 1995இல் இனம் மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. மாக்ஸின் அடிக்குறிப்பு நகைத்துச் சுட்டிய எல்லையும் இதுவே. வர்க்கத் தன்மை எங்குள்ளதெனில், குறைவின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதிலேயே உள்ளது. 2019இல் அவ்வினம் மீண்டும் அளவுமீறிப் பிடிக்கப்பட்டதெனக் கண்டறியப்பட்டபோது வெளிவந்த கணக்கு இதனைத் தெளிவாக்குகின்றது. 2017இல் மனிதரால் அழிந்த வரிக்கொடுவாவில் ஏறத்தாழ 90 வீதம் பொழுதுபோக்குத் தூண்டிற்காரரால் அழிந்தது. மொத்த அழிவில் ஏறத்தாழப் பாதி, பிடித்து மீள நீரில் விடப்பட்டுப் பின் இறந்த மீன்கள். கரைவலை அகற்றப்பட்டு 27 ஆண்டுகள் கழிந்த நிலை இது. உண்ணாமலும் விற்காமலும் கொல்லப்படும் மீனை எவ்வகைப் பெறுமதியில் அடக்குவது என்பது நமது அரசியற் பொருளாதாரத்திற்குப் புதிய வினாவாகும்.

இறுதியாக விலாங்கு. அது ஆற்றில் வாழ்ந்து கடலில் இனம்பெருக்கும் உயிர். ஐரோப்பிய, அமெரிக்க விலாங்குகள் இரண்டும் சர்காசோக் கடலிற் பிறப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த யொஹானஸ் ஷ்மிற் பல்லாண்டுக் கடற்பயணங்களின் பின் 1922இல் நிறுவினார். கண்ணாடி போன்ற குஞ்சாக அது ஆற்றுமுகத்தை அடைகின்றது. பல ஆண்டு கழித்து மீண்டும் கடலுக்குச் சென்று முட்டையிட்டு இறக்கின்றது. 1928இல் சஸ்குவெஹன்னா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கொனோவிங்கோ நீர்மின் அணை, பெரும் பரப்பொன்றை அதற்கு மூடிவிட்டது. விலாங்கின் உடலில் ஒட்டிப் பரவும் ஆற்றுச் சிப்பியினமும் அதனோடு அங்கே மேலாற்றில் நலிந்தது.

குஞ்சுக்கு வேறொரு சந்தை உண்டு. விலாங்கை வணிக அளவிற் கூட்டில் இனம்பெருக்க இன்னும் இயலாமையால், கிழக்காசியப் பண்ணைகள் காட்டுக் குஞ்சையே வாங்கி வளர்க்கின்றன. 2010இன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியைத் தடுத்தது. 2011 மார்ச்சில் யப்பானைச் சுனாமி தாக்கியது. 2010இல் இறாத்தலொன்று 200 டொலருக்கும் குறைவாக விற்ற மெயின் மாநிலக் குஞ்சு 2012இல் 1,800 டொலரைத் தாண்டிற்று. ஓர் இறாத்தலில் 2,000 முதல் 3,000 குஞ்சுகள் வரை அடங்கும். இரைக்காகப் பிடிக்கப்படும் விலாங்கு 2014 தொடக்கம் 9 அங்குலத்திற்குக் குறையலாகாது என விதித்த அதே மாநிலங்களின் ஆணைக்குழு, மெயின் மாநிலத்தின் குஞ்சுப் பிடிப்பை ஒதுக்கீட்டின்கீழ்த் தொடர விட்டது.

அங்கேயே, 2013இல், பாஸமக்குவொடிப் பழங்குடியினர் தமது மக்களுக்கு 575 உரிமங்களை வழங்கினர். மாநிலச் சட்டம் 200ஐ மட்டுமே ஏற்றது. ஆற்றிலிருந்து எடுக்கக்கூடிய மொத்த அளவுக்கு ஒரு எல்லை இடலாம், அந்த எல்லைக்குள் யார் பிடிப்பது என்பதைச் சமூகம் பார்த்துக்கொள்ளும் என்பது பழங்குடியினரின் நிலை. ஆளுக்கு இவ்வளவெனப் பிரித்துத் தனியுடைமையாக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. உரிமம் செல்லாது எனக் கூறிய அதிகாரிகள் ஆற்றங்கரைக்கு வந்து வழக்குப் பதிந்தனர். 2014 தொடக்கம் மாநிலம் ஒவ்வொரு மீன்பிடியாளருக்கும் தனி ஒதுக்கீட்டையும், விற்கும்போது பொறியிற் செலுத்த வேண்டிய இலத்திரன் அட்டையையும் வழங்கி வருகின்றது.